ஏழாம் கட்டம்

ஜனவரி 14

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? மருமகள் பரீட்சையை முடித்தாளா? இங்கே உன் அண்ணிக்கு முட்டிவலி. படியேறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், அதனால் குணமாகிவருகிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயதுக்கு என்ன உண்டோ அது உண்டு.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா காணாமல் போய், போன நவம்பரோடு ஏழு வருடம் முடிந்துவிட்டது. ஏழு வருடம் தகவலே இல்லாதவரை இறந்தவராகப் பதிந்துகொள்ள, பதிவு அலுவலகத்தில் ஒரு படிவம் தருகிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் என்றால் நீயும் நானும்தான். என்னுடையதைப் போட்டுவிட்டேன். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வைத்திருக்கிறேன்.

இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். நீ வெளிநாடு போய் இருபது வருடமாகியும் நம் சபையில் அந்த வழக்கம் மாறவில்லை. வருடத்தின் முதல் ஞாயிறன்று குடும்பப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள். அவரவர் எழுந்து ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். இறந்தவர்களுக்குத் தனிப் பக்கம். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பெயர் இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறது. வாசித்துவிட்டு நிறுத்துகிறார்கள். மொத்த சபையும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. கரிசனமாகத்தான் பார்க்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை. அப்புறம் என் பெயர். எட்டுத் தடவை அப்படி நின்றாயிற்று. ஒன்பதாவது தடவைக்குக் காலில் தெம்பில்லை.

புதிதாக வந்திருக்கும் போதகர் பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதுப் புத்தகம் எழுதுகிறார். கடைக்கே வந்து, தார்ப்பாய்க் கட்டின்மேல் உட்கார்ந்து, “அப்பா பேரை எந்தப் பக்கத்துல எழுதட்டும்? நீங்கதான் சொல்லணும்” என்றார். சான்றிதழ் வரட்டும் என்று அனுப்பிவைத்தேன்.

படிவத்தில் ஏழாம் கட்டத்தைப் பார். ‘கடைசியாகக் கண்டவர், கண்ட நேரம், நடந்த பேச்சு’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘மகன், காலை பதினொரு மணி, வழக்கம்போல் நடக்கப் போனார்’ என்று எழுதியிருக்கிறேன். பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். இருமல் போய்விட்டது, இருமியவர் அப்படியேதான் இருக்கிறார். மகள் பாஸாகிவிட்டாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இப்போது என்னைத்தான் மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். தினமும் எண்ணூறு விரிப்பு. எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்து, வீட்டுக்கு வந்தால் தலையணை உறையைக்கூட எண்ணுகிறேன். அண்ணிக்கு ஒரு முட்டிப்பட்டை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

படிவம் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை அண்ணா. கோபித்துக்கொள்ளாதே.

அப்பா இறந்ததை யார் பார்த்தது? நீ பார்க்கவில்லை. நான் இங்கிருந்து வந்து சேர்வதற்கே பதினைந்து நாளாகிவிட்டது, நானும் பார்க்கவில்லை. பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

இங்கே பெண்கள் கூட்டத்தில் ஆதி முற்பிதாக்களைப் பற்றி மாதம் ஒருவர் பேசுகிறோம். ஆதாம், சேத், ஏனோஸ் எல்லாம் முடிந்துவிட்டது. ஏனோக்கை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், மே மாதம் என் முறை. நீ அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறாயா? ஒவ்வொருவரும் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் வாழ்கிறார்கள். பிள்ளை பெறுகிறார்கள். கடைசியில் இறக்கிறார்கள். ஒவ்வொரு பெயரும் சாவில்தான் போய் முட்டுகிறது. ஆதாமுக்கு ஏழாம் தலைமுறையான ஏனோக்கு மட்டும் முட்டவில்லை. ஆதாம் செத்து ஐம்பத்தேழே வருடத்தில் இவரைக் கடவுள் எடுத்துக்கொள்கிறார். முதல் மனிதனே மண்ணுக்குப் போய்விட்டான், இனி எல்லோருக்கும் அதுதான் என்று உலகம் நினைத்திருக்கும் நேரத்தில், ஒருவர் மட்டும் அந்த வழியாகப் போகவில்லை. அவர் செய்ததாக எழுதியிருப்பதெல்லாம் ஒன்றுதான்: கடவுளோடு நடந்தார். போர் செய்யவில்லை, கோயில் கட்டவில்லை.

நம் அப்பாவும் மீட்டர் கணக்கெடுத்து முப்பத்தொரு வருடம் தெருத்தெருவாக நடந்தவர்தானே. நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அதை ஒரு படிவத்தால் கெடுக்காதே.

அன்று காலையில் அவர் என்ன பேசினார் என்று எழுது. என் பேச்சில் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். போனில் நீ என்னை வாடிக்கையாளர் மாதிரி சமாளித்து அனுப்பிவிடுகிறாய்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

முட்டிப்பட்டை வந்தது. அண்ணி போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் இரண்டு தடவை நடந்து காட்டினாள். வாங்கிக் கொடுக்காதவன் நான்தான் என்று எனக்கும் புரிந்தது. நான் நலம்.

உனக்காக அந்த அதிகாரத்தை வாசித்தேன். சரக்கு ரசீது வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வாசித்தேன், அதனால் உனக்குத் தெரியாதது சிலது எனக்குத் தெரிந்தது.

ஒன்று. மனிதர் அறுபத்தைந்து வயதுவரை நடந்ததாக எழுதவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் நடக்கத் தொடங்குகிறார். வீட்டில் தொட்டில் சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று உன் அண்ணியிடம் சொன்னேன். “ஆம்பளைங்க அப்பவே அப்படித்தானா?” என்றாள்.

அப்புறம் அந்த வயது. ஊரெல்லாம் தொள்ளாயிரம் வருடம் இருக்கிறது, இவருக்கு முந்நூற்று அறுபத்தைந்து. மூன்றில் ஒரு பங்கு சரக்கை இறக்கிவிட்டு லாரி திரும்பிப் போனால் எந்த வியாபாரியும் அதைப் பரிசு என்று சொல்ல மாட்டான். நீ பரிசு என்கிறாய். சரி, இருக்கட்டும்.

நீ பார்க்காத இன்னொன்று உண்டு. அவர் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறதல்லவா? காணவில்லை என்று சொல்ல வேண்டுமானால் ஒருவன் தேடியிருக்க வேண்டும். யார் தேடியது? மகன் மெத்தூசலாதான் தேடியிருப்பான். தகப்பன் போனபோது அவனுக்கு முந்நூறு வயது. அதற்கப்புறம் அறுநூற்று அறுபத்தொன்பது வருடம் உயிரோடு இருந்திருக்கிறான். உலகத்திலேயே நீளமான ஆயுள். அத்தனை வருடமும் அவன் என்ன செய்தான் என்று ஒரு வரி இல்லை. எல்லோரும் போனவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னால் ஏழு வருடத்தையே தள்ள முடியவில்லை.

இதை உன் கூட்டத்தில் சொல்லிக்கொள். காசு வேண்டாம்.

படிவம் எங்கே?

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் இன்னும் வரவில்லை. விரிப்பெல்லாம் உள்ளே கொடி கட்டித்தான் காய்கிறது.

மெத்தூசலாவைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். நான் அவனை நினைக்கவேயில்லை. நீ தேடியதையும் நான் வேண்டிய அளவு நினைக்கவில்லை. அதற்காக மன்னித்துக்கொள்.

ஆனால் நீ என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்து விரித்துக் காட்டுவது கடைக்காரன் பழக்கம். நானும் உன் தங்கைதான்.

அதனால் நேராகவே கேட்கிறேன். அப்பா நடப்பது விடியற்காலையில். ஐந்தரைக்குக் கிளம்பி, குளத்தைச் சுற்றி, ஏழு மணிக்கு வீட்டில் இருப்பார். ஞாபகம் தப்பிய பிறகும் அது மட்டும் தப்பவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஏழாம் கட்டத்தில் பதினொரு மணி என்று எழுதியிருக்கிறாய். பதினொரு மணிக்கு அப்பா உன் கடையில்தானே உட்கார்ந்திருப்பார்? பதினொரு மணி வெயிலில் அவர் ‘வழக்கம்போல்’ எங்கே நடக்கப் போனார்?

அண்ணியின் முட்டி எப்படி?

தங்கை


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இந்த மாதம் கடையில் தலைக்குமேல் வேலை. மழைக்கு முன்னால் தார்ப்பாய் வாங்குகிறவன் புத்திசாலி, மழை வந்த பிறகு வாங்குகிறவன் வாடிக்கையாளர். இந்த வருடம் எல்லோரும் புத்திசாலியாகிவிட்டார்கள். மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். நானே தோள் கொடுத்தேன். இருபது வயதில் இதே தோளில் ஒரு நாளைக்கு நூறு மூட்டை ஏற்றி இறக்கித்தான் இந்தக் கடையை வைத்தேன். இப்போது ஆறு மூட்டையில் முதுகு பேச ஆரம்பித்துவிட்டது. அண்ணி தைலம் தடவிவிட்டாள். “சும்மா உக்காரத் தெரியாதா உங்களுக்கு?” என்றாள். தெரியாது என்றேன். உட்கார்ந்தால் யோசனை வருகிறது.

நேரமெல்லாம் இப்போது யாருக்கு நினைவிருக்கிறது? பத்தாக இருக்கும், பதினொன்றாக இருக்கும். அலுவலகத்தில் ஒரு நேரம் கேட்டார்கள், ஒரு நேரம் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

சுகம்.

நீ முப்பது வருடத்துக்கு முன்னால் விற்ற முதல் கயிற்றின் நீளத்தை இன்றைக்கும் அங்குலம் பிசகாமல் சொல்கிறவன். அப்பா போன நேரம் உனக்கு நினைவில்லை என்று எழுதுகிறாய்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஏழாம் கட்டத்தில் நடந்ததை நீ எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன். எழுதாவிட்டால், ஜனவரியில் நீ ஒன்பதாவது தடவையும் நிற்க வேண்டியதுதான். இதை எழுதக் கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மே இரண்டாம் சனிக்கிழமை நான் பேசுகிறேன். அதற்கு முன்னால் தெரிந்தால் நல்லது.

தங்கை


ஜூன் 9

தங்கைக்கு,

உன் கூட்டம் முடிந்திருக்கும். முடியட்டும் என்றுதான் இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பிய கடைசி வருடம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று உனக்குத் தெரியும். “இன்னிக்கு எந்தத் தெரு?” வேலைக்குக் கிளம்ப வேண்டும், எந்தத் தெருவில் மீட்டர் எடுக்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். “இன்னிக்கு லீவுப்பா” என்றால் தலையாட்டுவார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பார். நான் ஒரு வருடம் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை, கணக்கு கேட்டாய், முழுக் கணக்காக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

போவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நாள், தாங்க முடியாமல், ஒரு தெருப் பெயரைச் சொன்னேன். மார்க்கெட் தெரு என்றேன். முகம் அப்படியே மலர்ந்துபோனது. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். தாளில் ஏதேதோ எண் எழுதியிருந்தது. திருப்தியாக உட்கார்ந்துகொண்டார். அன்று சாயங்காலம்வரை ஒரு கேள்வியும் இல்லை. நான் என்னமோ பெரிய மருந்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமும் செய்தேன். அன்றும் திரும்பி வந்தார்.

அந்த நவம்பர் நாளில் லாரி வந்து நின்றிருந்தது. எதிரில் ஒரு பெரிய வாடிக்கையாளர், நாற்பது தார்ப்பாய்க்குப் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று கேட்கிறார். ஒரு தடவை, இரண்டு தடவை. பதினான்கு தடவை கேட்டார், நான் எண்ணினேன். வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. மார்க்கெட் தெரு என்று சொன்னால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவார், வியாபாரம் முடிய அது போதாது. அதனால், “பழைய ரயில்வே குடியிருப்புப்பா. அங்க ஒரு வீட்டுலகூட மீட்டர் எடுக்கல. எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க” என்றேன்.

அந்தக் குடியிருப்பை இடித்துப் பத்து வருடமாகிறது. உனக்குத் தெரியும். அங்கே ஒரு வீடுகூட இல்லை, வெறும் பொட்டல். எனக்கும் அப்போது தெரியும். தேடிப் பார்த்து அலுத்துத் திரும்பி வருவார், தேட நேரமாகும், அது எனக்கு வசதி என்று நினைத்தேன்.

“எவ்வளவு நாளா எடுக்கல?” என்று கேட்டார். வேலைக்காரர் மாதிரியே கேட்டார். “மூணு மாசமா” என்றேன். “அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அதுதான் நடந்த பேச்சு. மணி பதினொன்று, அதில் சந்தேகமில்லை.

இன்னும் இருக்கிறது. காவல் நிலையத்தில் எங்கே போனார் என்று கேட்டார்கள். நடக்கப் போனார் என்றேன். குளத்துப் பக்கம் தேடினார்கள். சபையிலிருந்து இருபது பேர் வந்து குளத்துப் பக்கம் தேடினார்கள். பொட்டல் பக்கம் நான் மட்டும் தனியாகப் போனேன், அன்று சாயங்காலமும் மறுநாளும். அனுப்பியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் ஏதோ சாக்குச் சொல்லி அவர்களை அந்தப் பக்கம் திருப்பினேன். அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. தேட வந்தவர்களை நானே வேறு பக்கம் அனுப்பினேன். அப்பாவை ஒரு இல்லாத தெருவுக்கு அனுப்பியது முதல் தப்பு. இது அதைவிடப் பெரியது.

உன் அண்ணிக்குப் போன வாரம்தான் சொன்னேன். அவள் எழுந்துபோய் விளக்குமாற்றை எடுத்து, பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினாள்.

அன்று நாற்பது தார்ப்பாய் விற்றது.

படிவத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன். ஏழாம் கட்டத்தை அடித்துக் காலியாக விட்டிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

தங்கைக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம்தானா? தபால் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வழக்கமாகப் பன்னிரண்டு நாள், இப்போது ஐம்பத்தைந்து நாளாகிறது.

அண்ணிக்கு முட்டி பரவாயில்லை. இங்கே மழை.

பதில் எழுதச் சொல்லி இதை எழுதவில்லை. சும்மாதான்.

அண்ணன்


செப்டம்பர் 28

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களும் சுகம்.

மே மாதக் கூட்டத்தில் நான் நன்றாகப் பேசினேன். ஏனோக்கைப் பற்றிச் சொல்லிவிட்டு, என் அப்பாவும் அப்படித்தான் ஒரு காலையில் நடந்து போனார், நடந்தவரைக் கடவுள் எடுத்துக்கொண்டார் என்று சொன்னேன். பலர் அழுதார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் சூடு ஆறுவதற்குள் உன் கடிதம் வந்தது.

மூன்று மாதம் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். எண்ணூறு விரிப்பை எண்ணிக்கொண்டே சண்டை. ஒரு நாள் பதினேழு விரிப்பு குறைந்துவிட்டது.

அப்புறம் இந்த மாதக் கூட்டத்தில் எழுந்து, ஏனோக்கைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்றப்போவதில்லை, அப்பாவைப் பற்றிச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஏனோக்கு முந்நூறு வருடம் ஒருவரோடு நடந்தவர். அப்பா அன்று தனியாக நடந்தார். கூட நடக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவன் தார்ப்பாய் விற்றுக்கொண்டிருந்தான்.

இன்னொருத்தி நான். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அப்பா என்னையும் கேட்பார். போன் போட்டு, “இன்னிக்கு எந்தத் தெரு?” என்பார். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. அந்த வாரம் நான் அவர் எண் வந்தால் எடுப்பதை நிறுத்திவிட்டேன். அன்று காலையில் நாலு தடவை அடித்தது. எல்லாம் நம் ஊர் நேரப்படி பதினொரு மணிக்கு முன்னால். நான் எடுத்து ஒரு தெருவைச் சொல்லியிருந்தால் உன்னிடம் பதினான்கு தடவை கேட்டிருக்க மாட்டார். ஏனோக்கு, ஏனோக்கு என்று நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறதா? கடவுள் எடுத்துக்கொண்டார் என்றால் நான் போனை எடுக்காதது தப்பாகாது.

இதனால் நீயும் நானும் சமம் என்று எடுத்துக்கொள்ளாதே. சமம் இல்லை. தேட வந்தவர்களைத் திருப்பிவிட்டதை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. தாண்டுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏழாம் கட்டத்தை நானே எழுதியிருக்கிறேன். நீ சொன்னது எல்லாம், நான் சொன்னது எல்லாம். இடம் போதாமல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அப்படியே கொடு.

ஜனவரி முதல் ஞாயிறுக்கு ஊருக்கு வரலாம் என்று விடுப்புக் கேட்டிருக்கிறேன். உன் வீட்டில் தங்குவேனா என்று தெரியவில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


நவம்பர் 6

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “எழுதுறதுக்கு ஒரு தங்கச்சியாவது இருக்கா உங்களுக்கு” என்றாள். மற்றபடி நலம். மாப்பிள்ளையும் மருமகளும் நலம் என்று நம்புகிறேன்.

நேற்று பதிவு அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தேன். குமாஸ்தா சின்ன வயது, நல்ல மனிதர்தான். ஏழாம் கட்டத்தில் ஒட்டியிருந்த தாளைப் பிரித்தார், பிரித்தார், மேஜையைத் தாண்டித் தொங்கியது. முழுக்கப் படித்தார். பின்னால் வரிசை நின்றது, யாரோ செருமினார்கள். படித்துவிட்டு, “ஐயா, இது விண்ணப்பமா, பாவமன்னிப்பா?” என்று கேட்டார். இரண்டும்தான் தம்பி என்றேன். கிண்டல் செய்ய அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் அந்த இடத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது. மேலே கீழே எல்லாப் பெயருக்கும் ஒரு வரி. “இதுல என்னத்தை எழுத முடியும்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

உன் தாளைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். சேர்த்துக்கொண்டார். எதிரிலேயே துளையிட்டு நூல் கோத்தார். பதிவேட்டில் மட்டும், ‘வெளியே சென்றவர் திரும்பவில்லை’ என்று எழுதினார். நானும் அதற்கு ஒப்புதல் போட்டேன்.

இறந்த தேதி என்று நேற்றைய தேதியைத்தான் போடுவார்களாம். உத்தரவு எழுதுகிற நாள்தான் கணக்காம். ஆக, அப்பா சட்டப்படி நேற்று மத்தியானம் மூன்றரை மணிக்கு, நான் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது இறந்தார். கடைசியில் ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன், அரை மணி நேரம் இருக்கும். அப்போது உன் ஏனோக்கைத்தான் நினைத்தேன். அந்தப் பழைய பதிவேட்டிலும் அவருக்கு ஒரு வரிதான் இருந்திருக்கும். எழுதியவனிடம் அந்த வீட்டிலிருந்து யாரோ ஒரு பெரிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். அவர் கடைசியாக யாரிடம் என்ன கேட்டார், யார் என்ன சொல்லி அனுப்பினார்கள், யார் எந்தப் பக்கம் தேடினார்கள், எல்லாம். எழுதியவன் முழுக்கப் படித்துவிட்டு, நடந்தார், காணவில்லை, எடுத்துக்கொண்டார் என்று முடித்திருப்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டார் என்பதை நீ நம்புகிறாய், நம்பு. நானும் இப்போது நம்ப ஆசைப்படுகிறேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் அந்த வரிக்கு வெளியே மெத்தூசலாவுக்கும் அவன் தங்கைக்கும் இடையில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஏனோக்குக்கு மகள்களும் உண்டு என்றுதான் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்.

சான்றிதழ் இரண்டு வாரத்தில் வந்துவிடும். போதகரிடம் சொல்லிவிட்டேன். அப்பா பெயரை இரண்டாம் பக்கத்தில் எழுதிக்கொள்வார். இந்த நவம்பரில் அப்பாவுக்கு எட்டு வருடம் முடிகிறது. உனக்கு எந்தத் தேதி வேண்டுமோ அதை வைத்துக்கொள், நான் பழைய தேதியையே வைத்துக்கொள்கிறேன்.

நீ ஜனவரியில் வருவதைப் பற்றி. சபையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பின்வரிசையிலும் காற்று வரும். மன்னித்துவிட்டேன் என்று எதையும் சொல்லிவிடாதே. சொன்னால் நான் நம்ப மாட்டேன், அப்புறம் அதற்கு வேறு ஒரு சண்டை.

வீட்டில் தங்குவதானால் அண்ணி மாடி அறையைக் கழுவி வைப்பாள். தங்கப் பிடிக்கவில்லை என்றால் ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு விடுதி இருக்கிறது. விடுதிக்காரர் என்னிடம்தான் தார்ப்பாய் வாங்குகிறார். தெருச் சத்தம் கேட்காத பின்பக்க அறையாக, தண்ணீர் ஒழுங்காக வருகிற அறையாகச் சொல்லிவைக்க முடியும். ஆனால் ஜனவரியில் கூட்டமாக இருக்கும், இப்போதே சொல்ல வேண்டும்.

சொல்லிவைக்கவா, வேண்டாமா? மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் எழுது. இதற்கு மட்டும் உடனே எழுது.

அண்ணன்